டிராஸ் போர் நினைவிடம்: அரை மணி நேரம் போதவே போதாது

ஸ்ரீநகரிலிருந்து லே போகிற 1-ஆம் எண் நெடுஞ்சாலையில், டிராஸ் பக்கம் ரோட்டோரமாகவே இருக்கிறது கார்கில் போர் நினைவிடம், 1999-இல் பாகிஸ்தானோடு நடந்த போரில் இறந்த நம் வீரர்களுக்காகக் கட்டியது. அந்த வழியாக லடாக் போகிற எல்லோரும் இதன் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் நிறையப் பேர் வண்டியை நிறுத்தவும் செய்கிறார்கள். நிறுத்தி எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம், இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். நாங்கள் இரண்டரை மணி நேரம் இருந்தோம். இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

திருச்சியிலிருந்து சொந்தக் காரில் கிளம்பினோம். நான், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கிற மகள், அப்புறம் மாமனார். மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், 68 வயது. கரூர் போய் நாமக்கல் பக்கம் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் ஸ்ரீநகர் வரைக்கும் அதே ரோடுதான், வழி தவறுகிற பேச்சே இல்லை. அங்கங்கே தங்கித் தங்கி, ஒன்பதாவது நாள் சோனாமார்க் வந்து சேர்ந்தோம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே ஒரு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மறுநாள் காலையில் கிளம்புங்கள், அது ரொம்ப முக்கியம். டிராஸ் கிட்டத்தட்ட 3,280 மீட்டர் உயரம். வேகமாக நாலு எட்டு வைத்தாலே மூச்சு இரைக்கும்.

நாங்கள் போனது செப்டம்பர் முதல் வாரம். சோனாமார்க்கைத் தாண்டினால் ஜோஜி லா கணவாய், 3,528 மீட்டர். கணவாய்க்கு இந்தப் பக்கம் மலை முழுக்க ஊசியிலைக் காடு, பச்சைப் பசேலென்று இருக்கும். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் யாரோ துடைத்து வைத்த மாதிரி மரமே கிடையாது. புல், பாறை, சரளை, அதற்கு மேல் வானம். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஒரு மரம் கூட இல்லையே மாப்பிள்ளை, வெயில் வந்தா ஒதுங்க இடம் ஏது?" என்றார். அப்போது எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் இருந்தது.

நினைவிடத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ராணுவம்தான் பராமரிக்கிறது, அதனால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் நேராக ஒரு நீளமான நடைபாதை, விஜய் பத் என்று அதற்குப் பெயர். அதன் முடிவில் அணையா விளக்கு, அதற்குப் பின்னால் பெயர்ச்சுவர், எல்லாவற்றுக்கும் பின்னால் டோலோலிங் மலை. அங்கே அந்த மலை ஓரமாகத் தெரிகிற காட்சி இல்லை, உங்களுக்கு நேர் எதிரே வந்து நிற்கிறது. நடைபாதையில் கால் வைத்ததுமே எல்லோரும் போனை எடுத்துவிடுகிறார்கள், நானும் எடுத்தேன். மனைவிதான், "படம் அப்புறம் எடுக்கலாம், அங்க யாரோ பேச ஆரம்பிக்கிறாங்க பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அடுத்த கால் மணி நேரத்தில் தெரிந்தது.

சுற்றுலாப் பயணிகள் கொஞ்சம் பேர் சேர்ந்ததும் ஒரு ராணுவ வீரர் நின்று, சுற்றியிருக்கிற சிகரங்களைக் கையால் காட்டிக் காட்டி, எது டோலோலிங், எது டைகர் ஹில், உயரத்தையே பெயராகக் கொண்ட பாயிண்ட் 4875 சிகரம் எந்தப் பக்கம், எங்கே என்ன நடந்தது என்று சொல்கிறார். இதைக் கேட்காமல் திரும்பினால் நீங்கள் டிராஸ் வந்ததாகவே கணக்கில் வராது. அவர் பேசியது இந்தியில். எனக்கும் மனைவிக்கும் அரைகுறையாகப் புரியும், மாமாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. மகள் பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கிறாள். தாத்தா பக்கத்தில் போய் நின்றுகொண்டு மெதுவாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் அவளால் ஈடு கொடுக்க முடியவில்லை, இரண்டு வாக்கியம் விட்டுப் போனது. அந்த வீரர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி இவளைப் பார்த்தார், இவள் சொல்லி முடித்ததும் அடுத்ததுக்குப் போனார். இருபது முப்பது பேர் நிற்கிறார்கள், ஒருவர் கூட அவசரப்படவில்லை.

"ராத்திரிலதான் ஏறுவாங்களாம் தாத்தா. பகல்ல ஏறினா மேல இருந்து எல்லாமே தெரியுமாம். ஒளிஞ்சுக்க ஒண்ணுமே இல்லையாம், மரமே இல்லையாம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். காரில் அவர் சொன்னது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எதிரே நிற்கிற டோலோலிங்கின் உயரம் 4,590 மீட்டர். டிராஸ் ஊர் மட்டத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் ஏற்றம். நம் மலைக்கோட்டை 83 மீட்டர், அதற்கே உச்சிப்பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்குவதற்குள் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பதினைந்து மலைக்கோட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், படிக்கட்டு கிடையாது, காற்றில் பிராணவாயு குறைவு, இருட்டு, குளிர், முதுகில் சுமை, உச்சியில் இயந்திரத் துப்பாக்கியோடு ஆள் உட்கார்ந்திருக்கிறான். 1999 மே மாதக் கடைசியில் 18-ஆவது கிரனேடியர்ஸ் ஏற ஆரம்பித்தார்கள். மேஜர் ராஜேஷ் அதிகாரி விழுந்தார், அந்தப் படைப்பிரிவின் இரண்டாம் நிலைத் தளபதியான லெப்டினன்ட் கர்னல் விஸ்வநாதன் விழுந்தார், அவர் கொச்சிக்காரர். மலை கைக்கு வரவில்லை. கடைசியில் 2-ஆவது ராஜ்புதானா ரைஃபிள்ஸ் ஏறி, ஜூன் 13 அன்றுதான் பிடித்தார்கள், மேஜர் விவேக் குப்தா அதில் உயிரை விட்டார். இந்தத் தேதிகளும் பெயர்களும் போனில் தட்டினால் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தச் சரிவுக்குக் கீழே நின்று, கழுத்தை அண்ணாந்து, எந்த மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருப்பார்கள் என்று கண்ணால் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறபோது வருகிற புரிதல் போனில் வராது.

அடுத்து, பேசிக்கொண்டிருந்த அந்த வீரர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு மொத்த இடத்தையும் திறந்து காட்டியது. ஏன் டோலோலிங்? மேலே உட்கார்ந்தவன் கண்ணுக்கு இந்த நெடுஞ்சாலை வெட்ட வெளிச்சமாகத் தெரியும். எந்த வண்டி வருகிறது, எந்த வண்டி போகிறது என்று பார்த்துப் பார்த்துக் குண்டு போடலாம், போட்டார்கள். லடாக்குக்கும் சியாச்சின் பக்கத்துக்கும் போகிற சரக்கில் பெரும்பகுதி இந்த ரோட்டில்தான் போயாக வேண்டும், அதுவும் குளிர்காலம் வந்து ஜோஜி லாவைப் பனி மூடுவதற்கு முன்னால். அந்த நாட்களில் லாரிகள் ராத்திரியில் முன்விளக்கைப் போடாமல் போயிருக்கின்றன. அந்தக் காலையில் நான் ஒரு கையால் தேநீர் குடித்துக்கொண்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டி வந்தது அதே ரோடு. இந்த நினைவிடத்தை ரோட்டோரத்தில் கட்டியது வண்டியை நிறுத்த வசதி என்பதற்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ரோட்டுக்காகத்தான் அத்தனை பேரும் ஏறியிருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், முடிந்தவர்கள் லேவுக்கு விமானத்தில் போய் இறங்காதீர்கள், ஒரு தடவையாவது தரை வழியாகப் போங்கள்.

பேச்சு முடிந்ததும் பெயர்ச்சுவருக்குப் போனோம். மணற்கல் சுவர், அதில் பித்தளைத் தகடு, தகட்டில் ஆபரேஷன் விஜயில், அதாவது கார்கில் போர் நடவடிக்கையில், இறந்தவர்களின் பெயர்கள். மொத்தம் 527 பேர் என்பது அரசாங்கம் சொன்ன கணக்கு. நாங்கள் போனபோது ஓர் இளம் வீரர் துணியில் பாலிஷ் தொட்டுத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மொத்தமாக இழுத்துத் துடைக்கவில்லை, ஒவ்வொரு பெயராக, விரல் நுனியில் துணியைச் சுற்றி, எழுத்தின் குழிக்குள் வெள்ளையாகத் தங்கிவிடுகிற பாலிஷை எடுத்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். ஃபிட்டர் கண்ணுக்கு அது படாமல் போகுமா, மாமா கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடு சுவருக்குப் பக்கத்தில் போனார். கீழே கல் ஐஸ் மாதிரி இருந்தது.

நாங்கள் தேடியது ஒரு பெயரை. மேஜர் மாரியப்பன் சரவணன், 1-ஆவது பீகார் பட்டாலியன். திருச்சி ஆட்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் ஜூபர் மலையில் தன் ஆட்களுக்கு முன்னால் ஏறிப் போய் உயிர் விட்டவர், வயது 26. எதிரியின் சூடு நிற்காததால் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வீர சக்ரா கொடுத்தார்கள். திருச்சி கண்டோன்மென்டில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற வழி அது, எத்தனை வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவை கூட இறங்கி நின்றதில்லை. 3,000 கிலோமீட்டருக்கு மேல் வந்து இங்கே அவர் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கிறபோது அது நெஞ்சில் உறுத்தியது. மகள்தான் கண்டுபிடித்தாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை, என் சட்டையைப் பிடித்து இழுத்து விரலால் காட்டினாள்.

பக்கத்திலேயே வீர் பூமி என்று ஓர் இடம், இறந்தவர்களுக்குத் தனித்தனியாகப் பெயர்க் கல் வைத்திருக்கிறார்கள். மாமா பார்த்ததும் சொன்ன வார்த்தை, "நடுகல்லுப்பா இது." சரியான வார்த்தை. செங்கம், தருமபுரி பக்கம் போனால் ஆயிரம் வருடத்துக்கு மேலான நடுகற்கள் வயலோரத்தில் நிற்கின்றன, இன்னாருடைய மகன், இன்ன ஊரில், தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதியிருக்கும். மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, ராஜாவின் ஆட்சி ஆண்டு இருக்கிறது. எடுத்தனூர் நடுகல்லில் கூடவே நின்று போராடிய நாய்க்கும் பெயர் உண்டு, கோவிவன். ஒருவன் எங்கே, எதற்காகப் பட்டான் என்பதைக் கல்லில் எழுதி அவன் விழுந்த பக்கமாக நடுவது நமக்குப் புதுசு இல்லை, அதனாலோ என்னவோ அந்தக் கற்களுக்கு நடுவில் நடக்கும்போது வேற்று ஊரில் இருக்கிற உணர்வு எனக்கு வரவில்லை.

அருங்காட்சியகத்துக்கு மனோஜ் பாண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். 11-ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸைச் சேர்ந்த கேப்டன், காலுபார் முனையில் ஜூலை 3 அன்று இறந்தார், பரம் வீர் சக்ரா. பாயிண்ட் 4875-இல் இறந்த விக்ரம் பத்ராவுக்கும் அவருக்கும் ஒரே வயது, 24. உள்ளே படங்கள், வரைபடங்கள், கைப்பற்றிய ஆயுதங்கள் எல்லாம் இருக்கின்றன, அரை மணி நேரம் ஆகும். வெளியே பேச்சைக் கேட்டுவிட்டு அப்புறம் இதற்குள் போங்கள், மாற்றிப் போனால் படங்கள் வெறும் படங்களாகப் போய்விடும். போஃபர்ஸ் பீரங்கி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக மலைக்குப் பின்னால் இருக்கிற இலக்கை நோக்கி வளைவாகச் சுடுகிற 155 மில்லிமீட்டர் பீரங்கியை இங்கே பள்ளத்தாக்கிலிருந்து சிகரத்தைப் பார்த்து நேராகவே சுட்டிருக்கிறார்கள். மாமா அதன் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தார், குழாய் எப்படிப் பின்வாங்கி மறுபடி முன்னால் வரும் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா பேத்திக்கு விளக்கியது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான், மற்றதெல்லாம் தலைகீழ்.

கிளம்புவதற்கு முன்னால் அதே வீரரிடம் போய் நன்றி சொன்னோம். அவர் மகளிடம் இன்னும் ஒரு கதை சொன்னார். நாகாலாந்துக்காரர், கேப்டன் கெங்குருசே. ஜூன் 28 ராத்திரி டிராஸ் பகுதியில் பிளாக் ராக் என்கிற பாறையில் ஏறும்போது பனியில் பூட்ஸ் வழுக்குகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிர். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலில் பாறையைப் பற்றிக்கொண்டு ஏறியிருக்கிறார். திரும்பி வரவில்லை, மகாவீர் சக்ரா. மகள் அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, "ஷூவைக் கழட்டிட்டாராம் தாத்தா" என்றாள், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மாமா அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது மனதை வருத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தபோது நம் ஊர்ப் பயணக் குழு ஒன்று வேனில் வந்து இறங்கியது, பதினைந்து பேர் இருப்பார்கள், எல்லோரும் வயதானவர்கள். கூட்டி வந்த ஆள் இறங்கும்போதே, "இருபது நிமிஷம்தான், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க, கார்கில்ல சாப்பாடு சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டார். பாவம், விஜய் பத்தில் பாதி தூரம் நடப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள், ஒரு படம் எடுத்தார்கள், திரும்பினார்கள். அவர்களில் ஒரு அம்மா என் மகள் மொழிபெயர்ப்பதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களோடு நின்றார். அதற்குள் அங்கிருந்து விசில். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். பணம் கட்டி இவ்வளவு தூரம் வருகிறீர்கள், முன்பதிவு செய்யும்போதே டிராஸில் எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தி தெரியாதவர்கள் மட்டும் வருவதாக இருந்தால் குழுவில் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிராஸ் ஊரிலும் ஒரு தேநீராவது குடியுங்கள். நாங்கள் நினைவிடம் வருவதற்கு முன்னால் ஒரு சின்னக் கடையில் நிறுத்தினோம், ரொட்டியும் ராஜ்மாவும் சூடாகக் கிடைத்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், போர் நடந்தபோது சிறுவனாக இருந்தவர். குண்டு விழ ஆரம்பித்ததும் வீட்டைப் போட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியதையும், அவருடைய சித்தப்பா ராணுவத்துக்குச் சுமை தூக்கி மலை ஏறியதையும் சொன்னார். உள்ளூர்க்காரர்கள் முதுகில் தண்ணீரும் குண்டும் சுமந்து போகாமல் மேலே இருந்த யாரும் சண்டை போட்டிருக்க முடியாது. அந்தச் சித்தப்பா மாதிரி ஆட்களையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவைப் பாருங்கள்.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர் எல்லைக்குள் நுழைந்தாலே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் காற்று ஊசியாகக் குத்தும். ஜோஜி லாவில் எந்த நேரம் எந்தப் பக்க வண்டியை விடுகிறார்கள் என்பது அவ்வப்போது மாறும், சோனாமார்க்கில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், அன்று விழா நடக்கும், கூட்டமும் கெடுபிடியும் இருக்கும், நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள் பாருங்கள். உள்ளேயே சிற்றுண்டிச் சாலையும் நினைவுப் பொருள் கடையும் உண்டு. மூத்தவர்கள் நடைபாதையில் மெதுவாக நடக்கட்டும், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

எங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி கார்கிலில் தங்கினோம். மகள் அந்த வீரரிடம் சரவணன் ஏறிய மலை எது என்று கேட்டிருந்தாள், அது இங்கிருந்து தெரியாது, கார்கிலுக்கு அந்தப் பக்கம் படாலிக் போக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கார்கிலிலிருந்து லேவுக்கு நெடுஞ்சாலையிலேயே ஃபோட்டு லா ஏறிப் போகலாம், இல்லையென்றால் படாலிக் போய் சிந்து நதியை ஒட்டிச் சுற்றியும் போகலாம். நாங்கள் ஃபோட்டு லா என்றுதான் திட்டம் போட்டிருந்தோம். காலையில் பெட்டியைக் காரில் ஏற்றும்போது மாமா, "படாலிக் வழியா போனா எவ்வளவு நேரம் கூட ஆகும் மாப்பிள்ளை?" என்று கேட்டார். விடுதிக்காரரிடம் ரோடு எப்படி, அனுமதி ஏதாவது வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டு, அந்த வழியிலேயே வண்டியைத் திருப்பினேன்.